பூந்தமல்லி வேதக்கோயிலில் மங்களம்

சித்தி கல்யாணத்துக்காக ஸ்ரீபெரும்புதூருக்கு வண்டி கட்டிய அன்று, வழியில் பூந்தமல்லியில் இறங்கி வெள்ளைக்காரர்களின் கச்சேரி ஒன்றைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். சங்கீத ஆசையினால் அல்ல. அவர் அங்கே பட்டாளத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலையில் தற்காலிகமாக இருந்தார். அதை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போட வேண்டிய டாக்டர் துரை, அன்று சாயங்காலம் அவர்கள் ஜபம் செய்யும் பழைய வேதக்கோயிலில் பிடில் வாசிக்கிறார். குடும்பத்தோடு வா என்று வேறு சொல்லியிருக்கிறார். போகாமல் இருக்க முடியுமா?

கோவில்பதாகையிலிருந்து வண்டி கிளம்பியதுமே அப்பா பாடம் நடத்த ஆரம்பித்தார்.

"இருமக் கூடாது, தும்மக் கூடாது, தொடையில தாளம் போடக் கூடாது. எல்லாரும் எய்ந்தா எய்ந்துக்கணும், உக்காந்தா உக்காரணும். இன்னா, புரிஞ்சுதா?"

எனக்கு எட்டு வயது. இரண்டு நாளாக இருமல். என் இருமலால் அப்பாவின் வேலை போய்விடும் என்று நினைத்தேன். அம்மா ஒரு துண்டு அதிமதுரத்தை என் வாயில் போட்டு, "கடிக்காத, அடக்கிகினு இரு" என்றாள்.

வேதக்கோயில் சுவர் முழுக்கச் செத்துப்போன சிப்பாய்களின் பெயர் வெட்டிய கற்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். நம் ஊர் பிடில்காரர் சம்மணம் போட்டுப் பிடிலைக் காலில் ஊன்றி வாசிப்பார். துரையோ நின்றுகொண்டு, தாடைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு வாசித்தார். ஒருவரும் தலையை ஆட்டவில்லை, ஒரு சபாஷ் இல்லை. சாவு வீட்டில் கூட இதைவிடச் சத்தம் இருக்கும். எனக்குத் தொண்டை அரித்தது. மூச்சைப் பிடித்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்படியோ துரை வாசித்து முடித்தார். எல்லோரும் கை தட்டிய சத்தத்தில் இருமித் தீர்த்தேன்.

தப்பித்தோம் என்று நினைத்தபோதுதான் ஒரு வெள்ளைக்காரி பெரிய ஆர்மோனியத்தில் கடைசிப் பாட்டை எடுத்தாள். சொல்லி வைத்தாற்போல் எல்லோரும் எழுந்து விறைப்பாக நின்றார்கள். அது அவர்கள் ராஜாவை வாழ்த்தும் பாட்டு. அப்பாவும் எழுந்தார். அம்மாவும் எழுந்தாள். எழுந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

"மங்களம் பாடிட்டாங்கோ. வா, வண்டிக்குப் போவலாம்."

எங்கள் ஊர் பஜனையில் மங்களம் ஆரம்பித்தால் பாதிக் கூட்டம் சுண்டலுக்கு எழுந்துவிடும். ஆனால் இங்கே ஒருவரும் அசையவில்லை. கல் தரையில் அம்மாவின் மெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

பாட்டு முடிந்ததும் துரை முகம் சிவந்து வெளியே வந்தார். அப்பா குறுக்கே ஓடினார்.

"தொரே, எங்க ஊர்ல கடைசிப் பாட்டு எடுத்தா ஜனங்க மூட்டையக் கட்டிக்கினு கெளம்பிடும். எம் பொஞ்சாதிக்கு இன்னா தெரியும், பட்டிக்காடு தொரே."

துரையோடு வந்த அவர் மனைவி துரைசானி முதலில் சிரித்தாள். பிறகு துரையும் சிரித்து அப்பாவின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

வண்டியில் அம்மா மடியில் உட்கார மாட்டேன் என்றேன். "உன்னாலதான் அப்பா வேல போயிருக்கும்."

"போவல இல்ல? கம்னு வா" என்றாள். சாம்பாரில் உப்பு கூடினாலே கத்தும் அப்பா, அன்று அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுமாதம் வேலையும் நிரந்தரமானது.

பல வருஷம் கழித்து, அப்பா காலமான பிறகு ஒருநாள் அம்மா தானாகவே சொன்னாள். அந்தச் சமயம் என் மாமா கள்ளுக்கடை மறியலில் அடிபட்டு ஜெயிலில் இருந்தாராம். எனக்கு, அவர் வேலூரில் மண்டி வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அம்மா படித்தது மிஷன் பள்ளிக்கூடம். தினம் காலையில் அந்த ராஜா பாட்டைப் பாடிவிட்டுத்தான் வகுப்புக்குப் போவார்களாம்.

"அப்பாவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாமயா? என்னப் பொண்ணு பாக்க வந்தப்போ ஒரு பாட்டு பாடச் சொன்னாங்கோ. எனக்கு முயுசா தெரிஞ்சது அது ஒண்ணுதான். அதத்தான் பாடனேன்."

அப்படியென்றால் அப்பாவும் துரையிடம் வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறார். நானோ அன்று அம்மாவோடு பேசாமல், பாவம் அப்பா என்று அவர் தோளில் சாய்ந்துகொண்டு ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போனேன்.