காலர் மைக்கில் கேட்ட ஜெபம்

மைக்செட்காரருக்கு ஒரு பொல்லாத பழக்கம். மற்றவர்கள் மைக்கை வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவரோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கட்சிக் கூட்டமோ கல்யாணமோ, ஒரு வார்த்தை விடாமல் கேட்பார். "ஊர் வம்பெல்லாம் உங்க காதுலதான் குடியிருக்கு" என்பாள் மனைவி.

அன்று சர்ச் ஹாலில் இரண்டு போதகர்களின் விவாதம். நரகத்துக்கு முடிவே இல்லையா, இல்லை கடைசியில் எல்லோருமே கரையேறிவிடுவார்களா? மைக்செட்காரர் கேட்காமல் விடுவாரா? அவருடைய அண்ணன் சர்ச் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். சாகிற நேரத்திலும் ஜெபிக்க வந்தவர்களை விரட்டினவன். தம்பியைத் தூக்கி வளர்த்தவனும் அவன்தான். இப்போது அவன் எங்கே இருக்கிறான்? அது தெரிந்தாக வேண்டும்.

"கடைசிப் பிள்ளை வீடு வந்து சேராம பெத்தவர் கதவைச் சாத்துவாரா?" என்றார் இளைய போதகர்.

"கதவு திறந்துதான் இருந்துச்சு. வரமாட்டேன்னு நின்னவனைத் தரதரன்னு இழுத்துட்டு வந்தா அது அன்பா? செத்த பிறகு வழி கிடையாது" என்றார் பெரியவர்.

அட, இரண்டு பேருமே நியாயமாகத்தானே பேசுகிறார்கள்! மைக்செட்காரருக்குத் தலை சுற்றியது. அந்தக் குழப்பத்தில், இடைவேளை விட்டதும் ஹாலுக்குப் போகிற சத்தத்தை அணைத்தவர், தன் ஹெட்போனைக் கழற்ற மறந்துவிட்டார். பெரிய போதகர் சட்டையில் குத்திய காலர் மைக்கோடு பக்கத்து அறைக்குள் போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு தணிந்த குரல்.

"ஆண்டவரே, மேடையில சொன்னதைத்தான் நம்புறேன். ஆனா என் பையனும் உம்மை வேண்டாம்னுட்டுத்தானே செத்துப் போனான்? எனக்குத் தெரியாத வழி ஏதாச்சும் உம்மகிட்ட இருந்தா, அவனைக் கைவிட்டுடாதேயும்."

மைக்செட்காரர் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

இடைவேளைக்குப் பிறகும் பெரியவர் தன் பேச்சை இம்மியும் மாற்றவில்லை. கூட்டம் கலைந்ததும் மைக்செட்காரர் அவர் சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றினார்.

"ஐயா, மன்னிக்கணும். இடைவேளையில இதை அணைக்க மறந்துட்டேன். எனக்கு மட்டும் கேட்டுருச்சு."

பெரியவரின் முகம் செத்துப்போயிற்று. "எல்லாத்தையும் கேட்டியா?"

"கேட்டேங்கய்யா. யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். ஆனா ஒண்ணு. அடுத்த தடவை ஆண்டவர்கிட்ட கேக்கும்போது, எங்க அண்ணனையும் சேத்துக் கேளுங்க."

பெரியவர் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு கேட்டார்: "அண்ணன் பேரு என்னப்பா?"