ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மூச்சு

நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன்தான். ஓய்வு பெற்ற பிறகு அது இன்னும் முற்றிவிட்டது. ஆனால் இதில் பலூனின் அளவை மட்டும்தான் கூட்டியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது.

1987 பிப்ரவரி. வெள்ளானூரில் எங்கள் பலூன் நிலையம். மேற்கே ஒரு மலையில் அகச்சிவப்புத் தொலைநோக்கி. காற்றில் நீராவி கூடினால் அதற்குக் கண் தெரியாது. அதனால் தினமும் மாலை யானைப் பருமனில் ஒரு பலூன் விடுவோம். அதில் கட்டிய பெட்டி, மேலே போகப் போக ஈரத்தை அளந்து ரேடியோவில் அனுப்பும். அதைப் பார்த்து, இரவு தொலைநோக்கியைத் திறக்கலாமா என்று மலைக்குச் சொல்லவேண்டும்.

சொல்ல இரண்டு பேர். நானும் வீரராகவனும். மலையிலோ ஒரே ஒரு பதவி காலி. குவார்ட்டர்ஸ், ஜீப் எல்லாம் உண்டு. மலை அதிகாரி சம்பத்துக்கு வீரராகவன் சொன்னால் வேதம். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் வீரராகவன் வரவில்லை. பலூனுக்கு வாயு நிரப்பும் துலுக்கானம் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“இன்னா சார், அவுரு வரலன்னதும் மூஞ்சில பல்பு எரியுது?”

“கயித்தப் புடிய்யா.”

7:10. பலூன் ஏறியது.

7:31. ஐந்து கிலோமீட்டர். அங்கே காற்று காய்ந்து கிடக்கும். ஈரத்தை வரையும் பதிவுப் பேனா தாளில் கீழேயே ஓடவேண்டும்.

சரக்கென்று மேலே போனது. இறங்கியது. மறுபடி மேலே... இறங்கியது. ஒரே சீராக.

“சார்... யாரோ அதும்மேல மூச்சு உட்டுகினு கீறாங்க.”

“அவ்ளோ ஒசரத்துல யாருய்யா?”

துலுக்கானம் ரேடியோ ஒலியைக் கூட்டினான்.

கர்ர்ர்... கர்ர்ர்... ரேடியோ இரைந்தது. இழுத்து இழுத்து.

7:48.

நின்றது.

பெட்டியில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். கிடைத்த வாய்ப்பை விடுவேனா? போனை எடுத்தேன். “வறண்ட ராத்திரி சார். திறக்கலாம்.”

சம்பத் சிரித்தார். “இப்பதான் வீரராகவன் பேசினாரு. மூடச் சொல்லிட்டாரு. பாவம், ஒரே மூச்சிரைப்பு.”

லீவிலும் முந்திக்கொண்டான்!

ஒன்பது மணிக்கு மலையைப் பனிமூட்டம் மூடியது.

மறுநாள் காலை நூம்பலில் அவன் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான். அவன் மனைவி வசந்தா சுவரோரம் சுருண்டு கிடந்தார். முந்தின நாள் மதியமே மூச்சிழுப்பு வந்து செத்துப்போய்விட்டானாம். மாலை ஐந்து மணிக்கே எரித்துவிட்டார்கள்.

அப்போது பலூனில் வாயுகூட நிரப்பவில்லை.

பதவி எனக்கே வந்தது. ஒன்பது வருஷம் மலையில் இருந்தேன். தினமும் மாலை என் கணிப்போடு சம்பத் அறைக்குள் நுழைவேன். அவர் அப்போதுதான் போனை வைப்பார்.

“வேணாம்ப்பா. அவரு சொல்லிட்டாரு.”

“அவன் செத்துட்டான் சார்.”

“தெரியும். ஆனா ஒருநாள்கூடத் தப்பினதில்லையே.”