தேர் இழுக்கும் வண்டியின் பின் அச்சு

தவமலருக்கு நாற்பத்தேழு வயது. அவரிடம் பழுதுபார்க்க வரும் வண்டிகளில் பெரும்பாலானவை அவரைவிட மூத்தவை. மலையூரான திரிங்காப்பில், முட்டைக்கோஸ் சரிவுக்குக் கீழே, தகரக் கூரை போட்ட பட்டறையில் பழைய லேண்ட்ரோவர்களைப் பிரித்துப் பூட்டுவது அவர் தொழில். அதற்கு முன் பதினோரு வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டார். இலை உருட்டும் எட்டு இயந்திரங்கள் ஒன்றாக இரையும்போது, எந்தச் சத்தம் தவறு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். காது தேறியது அங்கேதான்.

போன சித்திரையில் ஒரு திங்கட்கிழமை சிவசாமியின் 1964ஆம் வருஷத்து வண்டி வந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் வரும்போதே அதன் ஊளை கேட்டது. சிவசாமி எஸ்டேட்டில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பதினெட்டு வருஷமாக எஸ்டேட் மாரியம்மன் தேரை மேட்டில் இழுத்துப் போவது இந்த வண்டிதான். வரும் ஞாயிறு திருவிழா, சனிக்கிழமை காலை வெள்ளோட்டம். அதற்குள் வண்டி சரியாகவில்லை என்றால் தேரைத் தன் புது பிக்கப் இழுக்கும் என்று கோயில் கமிட்டித் தலைவர் காளிமுத்து சொல்லிவிட்டார்.

"கியர்பாக்ஸ் போச்சுன்னு காளிமுத்து சொல்றான்மா."

"அவரு சொன்னா வண்டி கேக்கணுமா? நீங்க ஓட்டுங்கண்ணே. நான் பின்னாடி படுத்துக்கிறேன்."

பின்தட்டில் படுத்துக்கொண்டு, துடைப்பக் கட்டையின் ஒரு முனையைத் தரையிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக்கொண்டார். கம்போங் ராஜா ஊருக்குப் போகும் இறக்கத்தில், "ஃப்ரீ கியர்ல விடுங்க" என்று கத்தினார். எஞ்சின் சத்தம் தணிந்தது. ஊளை தணியவில்லை. வண்டி மெதுவானபோதுதான் அதுவும் மெதுவானது. மறுபடி கியர் போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பின்னால் 'டொக்' என்று ஒரு அடி.

"கியர்பாக்ஸ் நல்லாதான் இருக்கு. டிஃப் பல்லு தேஞ்சிருச்சு."

டிஃப் என்பது பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் போலப் புடைத்திருக்கும் பெட்டி. எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பற்சக்கரங்கள் அதற்குள் இருக்கின்றன. ஒன்றரை லிட்டருக்கு மேல் எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தேநீர் கிளாஸ் அளவுதான் வடிந்தது. அதிலும் இரும்புத் தூள் மினுங்கியது. சின்னச் சக்கரத்தின் பற்கள் கத்தி முனை போலக் கூர்ந்திருந்தன.

புதுப் பல் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள் ஈப்போ கடைக்காரர்கள். பேரிங்கும், எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீல் இரண்டும் மட்டும் பஸ்ஸில் அனுப்பினார்கள். தவமலர் தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை நடத்தும் மீரானைத் தேடிப் போனார். அவர் கடைக்குப் பின்னால் ஓடாத ரோவர் ஒன்று நிற்கிறது.

"டிஃப்ப எடுத்துக்குங்கக்கா. மேல கோழி அடைகாக்குது. அத மட்டும் எழுப்பிராதீங்க லா."

இரண்டு மணி நேரம் கோழிக்குக் கீழே படுத்து, சுத்தியல் தட்டாமல் அத்தனை நட்டையும் கழற்றினார். பெரிய சக்கரமும் சின்னச் சக்கரமும் ஜோடியாக இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே எண் பொறித்திருந்தது. கோழி எழுந்திருக்கவில்லை.

பல்லோடு பல் எங்கே படுகிறது என்று பார்க்க மை தடவுவது வழக்கம். பட்டறையில் மை தீர்ந்திருந்தது. சிவசாமி வண்டியில் வைத்திருந்த குங்குமத்தை எண்ணெயில் குழைத்துத் தடவிச் சுற்றினார். தடம் பல்லின் ஓரத்தில் விழுந்தது. காகிதக் கனத்தில் ஒரு இரும்பு வளையம் சேர்த்தார். மறு ஓரத்துக்குப் போனது. மூன்றாம் தடவை நடுவில் விழுந்தது. எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பூட்டினார்.

வெள்ளிக்கிழமை மதியம் கம்போங் ராஜா போய் வந்தார்கள். ஊளை இல்லை. ஆனால் பட்டறைக்குத் திரும்பியதும் புதுச் சீலின் ஓரத்தில் எண்ணெய் சொட்டியது. சிவசாமி தக்காளிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். காளிமுத்து போனில் வந்தார்.

"பிக்கப்ப கழுவி வச்சிட்டேன், சிவசாமிகிட்ட சொல்லு."

"மழை வருது. திரும்பக் கழுவணும்" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போனார் தவமலர்.

சீல் புதுசு, தண்டில் கீறல் இல்லை. அப்படியென்றால் எண்ணெய் தானாகக் கசியவில்லை. உள்ளிருந்து ஏதோ தள்ளுகிறது. ஓடும்போது சூடாகும் காற்று வெளியேற அச்சின் மேல் ஒரு சின்ன மூச்சுக் குமிழ் உண்டு. அந்த இடத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கட்டி இருந்தது. பிரிக்கும்போது சேறு என்று நினைத்துத் தொடாமல் விட்டிருந்தார். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். மஞ்சள், சிவப்பு, மறுபடி மஞ்சள், மறுபடி சிவப்பு. கடைசி அடுக்கு உடைந்ததும் 'உஸ்' என்று காற்று வந்தது.

"அண்ணே, ஆயுத பூஜைக்கு எங்கெங்க பொட்டு வைப்பீங்க?"

"முன்னாடி, பின்னாடி, அடியில இருக்கற எல்லா நட்டுக்கும். ஒன்னுக்கு வச்சி ஒன்னுக்கு விட்டா நல்லாவா இருக்கும்?"

"பழசத் தொடச்சிட்டு வைக்கிறதில்லையா?"

"சாமிக்கு வச்சத எப்படிம்மா தொடைக்கிறது?" சிவசாமி கட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "பூஜை முடிஞ்சதும் வருஷா வருஷம் எண்ணெய் ஊத்துவேன். எங்க போவுதுன்னே தெரியாது."

"நீங்க வாய அடைச்சிட்டுச் சோறு ஊட்டியிருக்கீங்க."

சிவசாமி முதலில் சிரித்தார். பிறகு கட்டியை ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். குமிழைக் கழுவி மாட்டி, இன்னொரு சீல் போட்டு, மழையிலேயே ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். அடியில் விரித்த காகிதம் காய்ந்தே இருந்தது.

சனிக்கிழமை வெள்ளோட்டம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை தேர் மேடேறியபோது நாதஸ்வரம் வண்டிக்கு முன்னாலும் கேட்டது. போன வருஷம்வரை ஊளைதான் கேட்கும். காளிமுத்துவின் பிக்கப் நீர்மோர்ப் பானைகளை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தது.

"அடுத்த பூஜைக்கு அந்தக் குமிழுக்குப் பொட்டு வைக்கலாமா?" என்று சிவசாமி கேட்டார்.

"பக்கத்து நட்டுக்கு ரெண்டா வச்சிருங்க."

வேறு பல் போட்டு ஓடிய முதல் எண்ணெயை வடித்து மாற்றியாக வேண்டும். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டி மறுபடியும் பட்டறைக்கு வருகிறது.