மாசிலாமணி விட்டுப்போன சிவப்புக் கயிறு

கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஒடுகத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வரப்பு மேலேயே வந்த மாசிலாமணியின் மச்சான், "மாசிலாமணி தவறிட்டாருக்கா. மாரு வலிக்குதுன்னாரு, வேலூர் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு" என்றார். அந்த மனுஷனிடம் இன்னும் பேசித் தீர்க்காத கோபம் ஒன்று எனக்கிருந்தது. இனி அதை யாரிடம் பேசுவது?

பட்டாளத்துக்காரர் என்றுதான் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். என் தம்பி ஏழுமலையும் அவரும் ஆம்பூர் தோல் மண்டியில் ஒன்றாக வேலை பார்த்து, ஒன்றாகவே பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். எழுபதுகளில் ஒரு குளிர்காலத்தில் காஷ்மீர் மலையில் தம்பி பனிச்சரிவில் போய்விட்டான். பனி உருகின பிறகுதான் கிடைத்தான். அங்கேயே எரித்துவிட்டார்கள்.

தம்பியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் மாசிலாமணிதான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை, தண்ணீரும் கொடுக்கவில்லை. பனியில் எப்படி ஆள் சாவான் என்று கேட்டேன்.

"மண்டியில தோல் அடுக்குறோம் இல்லக்கா, நடுவுல கல்லுப்பு ஜாஸ்தி ஆய்ட்டா மேல் தோல் நிக்காது. ஒருத்தன் கை வெச்சா மொத்தமும் சரிஞ்சிடும். அங்கயும் அப்படித்தான். பழைய பனி அடியில உப்பு மாதிரி பொலபொலன்னு கெடக்கும். அதுமேல காத்து புதுப் பனியைக் கெட்டியா அடுக்கி வெச்சிடும். பாத்தா தரை மாதிரியே இருக்கும்."

அதனால் அந்த மாதிரி இடத்தை ஒவ்வொருத்தராகத்தான் தாண்ட வேண்டுமாம். இடுப்பில் கட்டின நீளமான ஒரு சிவப்புக் கயிறு பின்னால் இழுபட வேண்டுமாம். பனி மூடினாலும் கயிற்றின் நுனி மேலே தெரியும், அதைப் பிடித்துத் தோண்டுவார்கள். அன்றைக்கு நடுச்சரிவில் இவர் தொடை வரை புதைந்துவிட்டார். வராதே என்று கத்தியிருக்கிறார். ஊர்க்காரன் புதைகிறானே என்று தம்பி ஓடியிருக்கிறான். சரிவு மொத்தமும் கழன்றது. இவர் கயிறு மேலே தெரிந்தது. அவன் கயிறு அவனோடு உள்ளே போய்விட்டது.

"அவன் நின்னிருந்தா ரெண்டு பேருமே வந்திருப்போம்" என்றார். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை.

அப்புறம் லீவில் வரும்போதெல்லாம் வந்து வாசலில் நிற்பார். அவர் காதில் விழும்படி, "கயிறு கட்டின மாடு வந்திருக்குது" என்பேன். "மாடுன்னா தவிடாவது வெக்கணும்க்கா" என்று சிரிப்பார். அதற்கும் நான் ஒன்றும் வைத்ததில்லை.

என் மகன் சேகரும் பட்டாளத்தில் தேறினபோது, போகாதே என்று அவனுக்குச் சொல்லச் சொல்லி இவரைக் கூப்பிட்டேன். அவர் அதைச் சொல்லவில்லை. "முன்னால போறவன் கத்துனா நில்லுடா. உன் ஊர்க்காரனா இருந்தாலும் நில்லு. சரிவு அடங்கினப்புறம் போய்த் தோண்டு" என்றார்.

"அப்போ என் தம்பி செஞ்சது தப்பா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா" என்றார், என் முகத்தைப் பார்த்தபடியே. போகும்போது தன் பழைய கயிற்றில் ஒரு துண்டை என்னிடம் விட்டுப்போனார். சேகர் இடுப்பிலும் இப்படி ஒன்று இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம் என்றார்.

சேகர் இப்போது லீவில் வந்திருக்கிறான். சரியாகச் சாப்பிடுவதில்லை. மலையில் முன்னால் போன போளூர்ப் பையன் பனியில் புதைந்து கத்தினானாம். இவன் நின்றானாம். சரிவு இறங்கி அடங்கின பிறகு ஓடிப்போய்த் தோண்டினார்களாம். எடுத்தபோது உயிர் இல்லை. இதை மாசிலாமணியிடம் சொல்லி, இன்னா சொல்றே இப்போ என்று கேட்கத்தான் இருந்தேன். அதற்குள் போய்விட்டார்.

கோபம் இன்னும் போகவில்லை. கயிறு அரிசிப் பானைக்குள் இருக்கிறது. சேகர் கொண்டுவந்த அந்தப் பையனின் பெட்டி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, அவனுக்கும் ஒரு அக்கா இருக்கிறாளாம். பெட்டியை எடுத்துக்கொண்டு நாளைக்குப் போளூருக்குக் கிளம்பு என்று சேகரிடம் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் கொடுக்க மாட்டார்கள், வாயில் வந்ததைப் பேசுவார்கள். வாசலிலேயே நில்லு. அடுத்த லீவிலும் போய் நில்லு.