வேலையைக் கண்டால் மூச்சு வாங்கும்

அரியலூரில் நானும் என் நாத்தனாரும் சேர்ந்து ஒரு பியூட்டி பார்லர் நடத்துகிறோம். என் கணவரின் தங்கை அவள். என்னைவிட நான்கு வயது சின்னவள், வாய் மட்டும் மூத்தது. எல்லா வேலையையும் இருவரும் பங்கிட்டுக்கொள்வோம். தலைமுடியை வெளுத்து நிறம் ஏற்றுவது மட்டும் முழுக்க என் பொறுப்பாக இருந்தது. வெள்ளைப் பவுடரைக் கிண்ணத்தில் கொட்டி, மருந்து ஊற்றிக் கலக்க வேண்டும். கொட்டும்போது மெல்லிசாகப் புகைபோல எழும்பி மூக்கு கமறும். நல்ல சரக்கென்றால் அப்படித்தான் இருக்கும் என்று பெருமையாக வேறு சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் இருமலில் ஆரம்பித்து இளைப்பில் வந்து நின்றது. நெஞ்சுக்குள் விசில் சத்தம். வீட்டில் ஆளுக்கொரு குற்றவாளியைப் பிடித்தார்கள். கணவர் சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதியைச் சொன்னார். மாமியார் பக்கத்து வீட்டுப் பூனையைச் சொன்னார். பூனையை ஒரு வாரம் விரட்டினோம். பூனை போனது, இளைப்பு போகவில்லை. நாத்தனார்தான் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

"அண்ணி, செவ்வாக்கெழம லீவுல நல்லாத்தான் இருக்கீங்க. ஆண்டிமடத்துல உங்கம்மா வூட்டுக்குப் போனா முந்திரித் தோப்புல ஓடி வெளையாடுறீங்க. கடையத் தொறந்தாத்தான் மூச்சு வாங்குது. உங்களுக்கு வேலைதான் ஆவல!"

ரெண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். துபாயிலிருந்து கணவர் லீவில் வருகிறாராம், முடி முழுக்கப் பொன்னிறக் கோடுகள் வேண்டுமாம். பாதித் தலை முடிந்திருக்கும், என் மூச்சு அப்படியே அடைத்துக்கொண்டது. பேச்சு வரவில்லை. வாசலைக் காட்டிக் கையை ஆட்டினேன். நாத்தனார் தண்ணீர் கொண்டு வந்தாள். மறுபடி ஆட்டினேன். கண்ணாடியைக் கொண்டு வந்தாள். கடைசியில் என் உதட்டைப் பார்த்துப் பதறிப்போய், கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்து உட்கார வைத்தாள். கொஞ்சம் காற்று உள்ளே போனதும்தான் எனக்கு மீதித் தலையின் ஞாபகம் வந்தது. அவளை உள்ளே போகச் சொன்னேன்.

அந்த வேலையை அவள் அதற்கு முன் செய்ததே இல்லை. இடது பக்கம் தங்கம், வலது பக்கம் கேரட். அந்தப் பெண் கண்ணாடியை வெகுநேரம் பார்த்தாள்.

"யா அல்லாஹ்! துபாய்லயே இந்தக் கலரு இருக்காதுக்கா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். கணவர் வந்து ரெண்டு நாளாகியும் கவனிக்கவே இல்லை என்று பிறகு போனில் சொன்னாள்.

எனக்கு மூச்சு அடைத்த மறுநாளே பஸ் ஏறிப் பெரம்பலூரில் ஒரு நெஞ்சு டாக்டரம்மாவைப் பார்த்தோம். பூனை, கரப்பான், தூசி என்று கையில் வரிசையாகக் குத்திப் பார்த்தார். எதுவும் தடிக்கவில்லை. ஊதிப் பார்க்க ஒரு குழாயைக் கொடுத்து, கடையிலும் வீட்டிலும் ஊதி நோட்டில் எழுதச் சொன்னார். ரெண்டு வாரம் கழித்து நோட்டைப் பார்த்தார்; கடையில் ஊதிய எண்ணெல்லாம் வீட்டில் ஊதியதைவிடக் குறைவு. உப்புத் தண்ணீர் ஆவியை இழுக்க வைத்துச் சளியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எங்கள் இருவரையும் உட்கார வைத்தார்.

"உங்க நாத்தனார் சொன்னது சரிதாங்க. வேலைதான் உங்களுக்கு ஆகல. அந்தப் பவுடர்."

முதல் நாளே தன் கண்டுபிடிப்பை டாக்டரம்மாவிடம் சொல்லியிருந்த நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"டெஸ்டுல அலர்ஜி இல்லன்னு வந்துச்சேங்க?" என்றேன்.

"அந்த டெஸ்டுல தெரியிற அலர்ஜி வேற வழி. ஒவ்வொரு எதிரியையும் ஞாபகம் வச்சு அடிக்கிற ரத்த அணுக்கள் ஒரு வகை, அலர்ஜி அதோட வேலை. பொறந்ததுலேருந்தே காவலுக்கு நிக்கிறது இன்னொரு வகை. பவுடரு மூச்சுக்குழாயோட உள்தோலப் புண்ணாக்குது. அந்தத் தோலு கூப்பாடு போடுது. சத்தம் கேட்டு முதல்ல ஓடி வர்றது இந்தக் காவல்கார அணுக்கள்தான். யாரு எவருன்னு விசாரிக்காது. உங்க சளி முழுக்க அதுதான் நிக்குது."

"எங்க வூட்டுக்காரரு மாதிரி," என்றாள் நாத்தனார். "தெருவுல சத்தம் கேட்டா எதுக்குன்னே தெரியாம கட்டையத் தூக்கிட்டுப் போயிருவாரு."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதேதான். ஆனா அடி சொந்த வூட்டுச் சுவத்துலயே விழுது. குழாய் வீங்கி இறுகிப் போகுது. இதுல எங்களுக்கே இன்னும் புரியாததும் நெறைய இருக்கு. அந்தப் பவுடர விட்டுடணும்ங்கிறது மட்டும் நிச்சயம்."

"இனிமே நான் கலக்குறேங்க," என்றாள் நாத்தனார்.

"ஒரே அறைதானே? காத்துல பறக்குற கொஞ்சம் பவுடரே அவங்களுக்குப் போதும். நாளைக்கு உங்களுக்கும் வரலாம்."

அரியலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் நேரே கடைக்குப் போய், பவுடர் டப்பாக்களை ஒன்றுவிடாமல் மூட்டை கட்டினாள். முடி வெளுப்பது இங்கே இல்லை என்று எழுதிக் கதவில் ஒட்டினாள்.

"உன்னால நல்லாக் கலக்க முடியும்டி, பழகிக்கிட்டா," என்றேன்.

"கேரட்டுக் கலரெல்லாம் போதும் அண்ணி. நீங்க மூச்சு விடுங்க," என்றாள். கண் கலங்கியிருந்தது.

சில வாடிக்கையாளர்கள் போனார்கள். அதற்குப் பதிலாக, பட்டுப்புடவைகளை முன்கூட்டியே மடிப்பு எடுத்து, தேய்த்துப் பெட்டியில் வைத்துக் கொடுக்கும் வேலையை நான் பிடித்துக்கொண்டேன். வரதராஜன்பேட்டையிலிருந்தெல்லாம் புடவை வருகிறது. விசில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இப்போது எப்போதாவதுதான் கேட்கிறது. இன்ஹேலர் கைப்பையிலேயே இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் யாராவது ஸ்ப்ரேயைத் தூக்கினால் எழுந்து வெளியே போய்விடுவேன். அதனால் எனக்குத் தலைக்கனம் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறதாம். கேட்டுவிட்டு வந்து சொன்னவள் நாத்தனார்தான். கிளப்பிவிட்டதும் அவளாகவே இருக்கும்.