மீதிப் புள்ளி ஒன்று எப்போது வரும்?

எங்கள் உப்புக் கம்பெனியின் இணையதளத்தில், கம்பெனிப் பெயருக்கு நேர் மேலே, ஓர் உப்புக் குடுவையும் அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறியும் மின்னின. பக்கத்தில் ஆங்கிலத்தில், 'உப்பைக் குறையுங்கள், இதயத்தைக் காப்பாற்றுங்கள்' என்று ஒரு வாசகம். 2005ஆம் வருடம். மரக்காணத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். அந்தத் தளத்தைச் செய்தவள் நான்தான்.

முதலாளி தணிகாசலம் அன்றைக்கென்று புரோக்கர் கோதண்டத்தை ஆபீசுக்கு வரவழைத்து உட்கார வைத்திருந்தார். அதுவரை அவர் உப்பு முழுக்கக் கோதண்டம் வழியாகத்தான் விற்றது. இனிமேல் கம்ப்யூட்டரில் பார்த்துப் பார்ட்டிகள் நேராக வருவார்கள், உன் தயவு வேண்டாம் என்று காட்டத்தான் அந்த அழைப்பு. டயல்-அப் மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி ஓய்ந்தது. பக்கம் மேலிருந்து கீழாக மெல்ல இறங்கியது. முதலில் இறங்கியது விளம்பரம்.

கோதண்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏம்பா தணிகாசலம், கடை வாசல்லயே 'சரக்கு வாங்காதீங்க'ன்னு போர்டு மாட்டிக்கினு உக்காந்திருக்கியே!"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா ஸ்டெல்லா, இத எவன் போட்டான்?"

"இலவச ஹோஸ்டிங்குங்க ஐயா. நம்ம பக்கத்துல என்னா எழுதியிருக்குதோ, அதுக்குப் பொருத்தமா அவங்களே விளம்பரம் போட்டுக்குவாங்க."

"நல்லாப் பொருத்தம் பாத்தான் போ!"

ஓசியில் கிடைக்கிறதென்றால் அதையே எடு என்று சொன்னவர் அவர்தான். அதை அந்த நேரத்தில் ஞாபகப்படுத்த எனக்கென்ன பைத்தியமா?

கோதண்டம் போனதும் முதலாளி தீர்ப்புச் சொன்னார். "காசு குடுத்தே வேற எடம் பாரு. சீசன் முடியறதுக்குள்ள இந்த சைட்டு மூலமா ஒரு பார்ட்டியாவது வரணும். வரலைன்னா நான் கோதண்டத்துக்கிட்டயே போயிடறேன். நீயும் வேற வேல பாத்துக்கோம்மா." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது.

ஸ்பீக்கர் போனில் ஒரு விசாரணை

ஹோஸ்டிங் என்றால் வேறொன்றுமில்லை, நம் தளத்தை இன்னொருவர் சர்வரில் வாடகைக்கு வைப்பதுதான். நான் நாலு கம்பெனிகளைப் பொறுக்கி வைத்திருந்தேன். எல்லோருமே, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது பங்கு நேரம் உங்கள் தளம் ஓடும் என்று உத்தரவாதம் கொடுத்தார்கள். நான் அதைப் பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

"சரி, மீதி புள்ளி ஒண்ணு எப்போ வரும்?" என்றார் முதலாளி.

"ஐயா?"

"போன் போட்டுக் கேளும்மா."

சிரிக்காதீர்கள். அதற்கு முந்தைய வருடம் சித்திரையில் பாத்தி பாத்தியாக உப்பு விளைந்து, விடிந்தால் வாரிவிடலாம் என்று இருந்தபோது ஒரு மணி நேரம் மழை அடித்தது. அத்தனையும் தண்ணீராகப் போய்விட்டது. மாதக்கணக்கில் அடித்த வெயிலைப் பற்றி அதன் பிறகு அவரிடம் யாரும் பேச முடியாது.

ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முதல் கம்பெனிக்காரர், "சார், அது சும்மா ஒரு பேச்சுக்கு" என்றார். இரண்டாவது கம்பெனி எங்களை ஹோல்டில் போட்டு, லைன் அறுந்துபோகிற வரைக்கும் வீணை வாசித்தது. மூன்றாவதில் ஒரு பெண், "பிரீமியம் பிளான்ல அந்தப் புள்ளி ஒண்ணு வரவே வராது சார்" என்றாள்.

"அப்போ பிரீமியம்காரன் பங்கையும் சாதா பிளான்காரன் தலையிலயே கட்டிடுவீங்களா?"

அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

நாலாவது, சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி. பாஸ்கர் என்று ஒருவர் எடுத்தார். குரலிலேயே தூக்கமில்லாதது தெரிந்தது. "எப்போ வரும்னு யாருக்கு சார் தெரியும்? வந்தா நான் சோறு தண்ணி இல்லாம உக்காந்துதான் சரி பண்ணணும். வந்ததும் உங்களுக்கு போன் பண்ணிச் சொல்லிடறேன். அவ்ளோதான் என்னால ஆவும்."

"இவன எடு" என்றார் முதலாளி.

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. நான் மனதில் வைத்திருந்தது மூன்றாவது கம்பெனியை. அவர்கள் தளத்தில் பூமி உருண்டை சுற்றும், ஹெட்போன் மாட்டிய ஒரு வெள்ளைக்காரி சிரிப்பாள். அதைத் திறந்து காட்டினேன்.

"போன் போட்டா இந்தப் பொண்ணா எடுக்கும்?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு இதும் மூஞ்சி?"

பாஸ்கரிடமே கணக்குத் திறந்தேன், முணுமுணுத்துக்கொண்டே.

புள்ளி ஒன்று வந்த நாள்

சீசன் முடியும் தறுவாயில், ஆம்பூர் தோல் கம்பெனி ஒன்றின் கொள்முதல் மேனேஜர் ஹமீது பாய், யாரிடமோ நம்பர் வாங்கிப் போன் செய்தார். தோல் பதப்படுத்த அவர்களுக்கு லோடு லோடாகக் கல் உப்பு வேண்டும். பாண்டிச்சேரிக்குக் கல்யாணத்துக்கு வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டு பிரவுசிங் சென்டரில் எங்கள் தளத்தைப் பார்ப்பாராம். பிடிக்காவிட்டால் இரவு பஸ்ஸில் தூத்துக்குடி. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மறுபடி போன் அடித்தது. பாஸ்கர்.

"மேடம், சர்வர் படுத்திடுச்சு. சாயங்காலம் ஆயிடும்."

"அடப்பாவி! இன்னைக்கா?" என்று நான் கத்திய கத்தலில் வெளியே லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். கண்ணில் தண்ணீர் முட்டியது. என் வேலை போச்சு என்றே நினைத்தேன்.

முதலாளி முகத்திலோ நிம்மதி! வர வேண்டியது வந்து தொலைத்தது என்கிற நிம்மதி. ஹமீது பாய் செல்போனுக்கு அவரே போட்டார். "பாய், எங்க சைட்டு படுத்துக்கிச்சு. வெட்டியா பிரவுசிங் சென்டருக்குக் காசு அழுவாதீங்க. பஸ் ஏறினா ஒரு மணி நேரம், உப்பயே வந்து பாத்துடுங்க."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "இத்தன வருஷத்துல, படுத்துக்கிச்சுன்னு தானா போன் பண்ணிச் சொன்ன ஆள் நீங்கதான் ஜீ. வர்றேன்."

வந்தார். உப்பு அம்பாரத்தில் கையை விட்டு அள்ளிப் பார்த்தார், நாக்கில் வைத்துப் பார்த்தார். இருட்டுவதற்குள் ஆர்டர் முடிந்தது.

மறுநாள் கோதண்டம் வழக்கோடு வந்துவிட்டார். "அந்த பாய் சைட்டயே பாக்கலியே! அப்புறம் எப்படி அது சைட்டு மூலமா வந்த பார்ட்டி ஆவும்?"

முதலாளி தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "சைட்டு படுக்கலைன்னா அவரு பிரவுசிங் சென்டர்லயே பாத்துட்டு தூத்துக்குடி போயிருப்பாரு. படுத்ததாலதான வந்தாரு? அப்போ சைட்டு மூலமாத்தான். ஸ்டெல்லா, நீ இருந்துக்கோம்மா."

இன்று பாண்டிச்சேரியில் எனக்கே சொந்தமாக ஒரு வெப் டிசைன் ஆபீஸ் இருக்கிறது. வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஸ்பேஸ், பேண்ட்விட்த், பேக்கப் எல்லாம் பாருங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால், தளம் படுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். படுக்கவே படுக்காது என்பவனை விட்டுவிடுங்கள். நானே போன் பண்ணிச் சொல்கிறேன் என்பவனை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாளி எடுத்துக்கொண்ட பாடம் வேறு. அடுத்த வாரமே கூப்பிட்டார். "ராணிப்பேட்டையிலேர்ந்து ஒரு பார்ட்டி திங்கக்கெழம சைட்ட பாக்கறாராம். அன்னிக்கு மத்தியானம் ஒரு ரெண்டு மணி நேரம் படுக்க வெக்க முடியுமான்னு அந்த பாஸ்கரக் கேளு."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். வேறு வழியில்லாமல் போன் செய்து கேட்டேன்.

பாஸ்கர் பெருமூச்சு விட்டார். "அந்த வசதி எங்க எல்லா பிளான்லயும் இருக்குது மேடம். தேதிய மட்டும் நாங்க முடிவு பண்றதில்ல."