பத்தாயிரத்து ஒன்று

பயிற்சி முடித்து, பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அது. கரும்பலகையில் பத்தாயிரத்து ஒன்று என்று எழுதி, "இது பகா எண். எதனாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது" என்றேன். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். புத்தகத்தில் இல்லாத கணக்கை நானே கண்டுபிடித்துவிட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த எண்ணைச் சோதிக்க நூறு வரை பார்த்தால் போதும். நூற்றுக்கு மேற்பட்ட இரண்டு எண்களைப் பெருக்கினால் அதைத் தாண்டிவிடும். நூற்றுக்குள்ளும் பகா எண்கள் மட்டும் போதும். முந்தின நாள் மூன்று, ஏழு, பதினொன்று என்று வகுத்துக்கொண்டே போனேன். எழுபத்தொன்றில் சலித்துவிட்டது. இனி எங்கே வகுபடப்போகிறது என்று நோட்டை மூடிவிட்டேன்.

வகுப்பில் அத்தனையும் எழுதிக் காட்டியதும் ஒரு பெண் எழுந்தாள். பஞ்சு வண்டி ஓட்டுகிறவரின் மகள்.

"எழுபத்தொண்ணோட ஏனுங்க டீச்சர் நிறுத்திப்போட்டீங்க?"

"நூறு வரைக்கும் பார்த்தாச்சு. உட்காரு."

பொய்.

"எழுபத்திமூணுல போகுதுங்க. நூத்தி முப்பத்தேழு தடவைங்க."

பின்வரிசையில் ஒருத்தி, "நாளைக்கு இவளே பாடம் எடுத்துப்போடுவாளாட்ட இருக்குதுங்க டீச்சர்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தது கணக்குச் சொன்னவளைப் பார்த்துத்தான். எனக்கோ என்னைப் பார்த்துச் சிரித்தது போலிருந்தது. அவள் சிலேட்டை வாங்கி, அதில் என்ன இருக்கிறதென்று பார்க்காமலே உள்ளங்கையால் அழித்தேன்.

அன்று சாயங்காலம் அவள் அப்பா வந்தார். மகளை எட்டாம் வகுப்புக்கு அனுப்புவதா, கோயமுத்தூரில் நூல் மில்லில் சேர்ப்பதா என்பதை என்னைக் கேட்டு முடிவு செய்வதாக ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்.

"நீங்க சொன்னாச் சரிங்க அம்மணி. புள்ளைக்குக் கணக்கு வருமுங்களா?"

"சுமார்தானுங்க. வாய்தான் சாஸ்தி."

கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் எழுபத்துமூன்றால் வகுத்துப் பார்த்தேன். நூற்று முப்பத்தேழு. மீதி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊருக்கு நடந்தே போனேன். அப்பா வெளியே வண்டி மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "புள்ளையப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்புங்க. நல்லாப் படிக்குமுங்க" என்றேன்.

"அன்னைக்குச் சுமாருன்னு சொன்னீங்களேங்க?"

நியாயமான கேள்வி. 'தப்பு என்னுது, புள்ளை போட்டதுதான் சரி' என்று சொல்லியிருந்தால் போதும். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் பாடுபட்டா வந்துருமுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "எங்க மேல எரக்கப்பட்டு இத்தன தூரம் நடந்து வந்திருக்கீங்க. அது போதுமுங்க. வராத படிப்பை எதுக்குங்க இழுத்துட்டு?"

அவள் உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தாள். "குடிங்க டீச்சர். வெயில்ல வந்திருக்கீங்க."

மெதுவாகத்தான் குடித்தேன். குடித்து முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள். அப்போதும் சொல்லவில்லை. அந்த வாரமே அவளை மில்லில் சேர்த்துவிட்டார்கள்.